ஓட்டை போட்ட ஒரு பவுண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தக்கலைக்காரன். ஐந்தாறு வருடமாகப் பழைய நோட்டுகள் சேர்க்கிறேன். என் அத்தானுக்கு ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எண்ணெய்க் கம்பெனி வேலை. போன மாதம் லீவுக்கு வந்தபோது, அங்கே ஏலத்தில் எனக்காக எடுத்த ஒரு பவுண்டு நோட்டைக் கொண்டுவந்தார். நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து பேங்கின் நோட்டு. நம் பணத்தில் 12,000 ரூபாய் ஆயிற்று. குறுக்கே சிவப்பு மையில் ‘ஸ்பெசிமன்’ என்று அச்சடித்திருக்கிறது. எண் வரவேண்டிய இடத்தில் வெறும் சுழிகள். கையெழுத்துப் போடும் இடத்தில் இரண்டு ஓட்டைகள். அப்பா பார்த்துவிட்டு, “ஏலே, செல்லாத நோட்டு, அதுலயும் ஓட்ட நோட்டு. இதுக்கா இம்புட்டு ரூவா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு தனியார் வங்கி எப்படி நோட்டு அடிக்க முடியும்? நான் ஏமாந்துவிட்டேனா?

ஜெ., தக்கலை

அன்புள்ள தம்பி,

ஏமாந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் சிவப்பு எழுத்து, சுழி, ஓட்டை மூன்றும் ஸ்பெசிமன், அதாவது மாதிரி நோட்டில் எதிர்பார்க்க வேண்டிய அடையாளங்கள்தான்.

ஒரு வங்கி புது நோட்டு வெளியிடுகிறது. தூரத்துக் கிளையில் கல்லாவில் இருப்பவர் அதை அதற்குமுன் கண்டதில்லை. யாரோ நீட்டும் தாள் நல்லதா கள்ளதா என்று அவர் எதை வைத்துச் சொல்வார்? அதற்காகத்தான் மாதிரி நோட்டுகளைக் கிளைகளுக்கும் மற்ற வங்கிகளுக்கும் முன்கூட்டியே அனுப்பினார்கள். தாள், மை, செதுக்கல் எல்லாம் அசல். ஆனால் போகிற வழியில் ஒருவன் எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது. அதனால்தான் எண்ணுக்குப் பதில் சுழி, குறுக்கே எழுத்து, கையெழுத்தின்மேல் துளை. அச்சகங்களும் தங்கள் கோப்புக்கென்று சில பிரதிகளை வைத்துக்கொண்டன. வங்கிகள் ஒன்றோடொன்று இணையும்போதும் அச்சகங்கள் கோப்பறையைக் காலி செய்யும்போதும் இவை வெளியே வருகின்றன. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி என்ற அச்சகத்தின் கோப்புச் சேகரிப்பு 1990இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது அப்படித்தான்.

தனியார் வங்கி நோட்டு அடிப்பது நம் நாட்டிலும் இருந்தது. 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் சொந்த நோட்டு வெளியிட்டது. 1861இல் வந்த சட்டம் அந்த உரிமையை வங்கிகளிடமிருந்து எடுத்து அரசுக்குக் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் அது நிற்கவே இல்லை. 1695இல் பிறந்த பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இன்றும் நோட்டு வெளியிடுகிறது. ராயல் பேங்க், கிளைட்ஸ்டேல் பேங்க் பெயர்களிலும் நோட்டுகள் உண்டு. 1826இல் லண்டன் அரசு ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை ஒழிக்கப் பார்த்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். ஸ்காட்லாந்தில் மட்டும் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகம் இருப்பது அந்த நன்றிக்காக. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த நோட்டு அது.

உங்கள் நோட்டின் வங்கி 1836இல் அபர்தீனில் தொடங்கியது, அத்தான் வேலை பார்க்கும் அதே ஊர். 1950இல் கிளைட்ஸ்டேலோடு இணைந்தது. இரண்டு பெயரையும் சேர்த்துக் கொஞ்ச காலம் ஓடியது. 1963இல் ‘நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து’ என்ற பகுதியை விட்டுவிட்டார்கள். ஒரு வட்டாரத்து மக்கள் நம்பிக் கைமாற்றிய பெயர் அது.

அப்பாவுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. இரணியல் பக்கம் ஒரு பழைய வீட்டில் சக்கரப் பலகை பார்த்தேன். திருவிதாங்கூர் காலத்தில் நமக்குச் சக்கரம் என்ற நாணயம்தான் புழக்கம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை விரலால் எண்ணி முடியாது. கைப்பிடி மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். சக்கரத்தை அள்ளிப் போட்டு மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தை வழித்துத் தள்ளினால் கணக்கு முடிந்தது. விளிம்பில் கைபட்டுப் பட்டு மரம் கறுத்து வழவழப்பாகியிருந்தது. ஒரு குழியில் விரலை வைத்துப் பார்த்தேன், நகம்கூட முழுதாக இறங்கவில்லை. அந்தப் பலகையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு படி அரிசி கிடைக்காது. ஆனால் அது இல்லாமல் கருவூலம் நடந்திருக்காது. உங்கள் ஸ்பெசிமனும் அந்தப் பலகையின் இனம்தான். பணத்தை அறிவதற்கான கருவி. நான் இதைச் சேர்ப்பது அதற்காகத்தான், செல்லும் நோட்டைவிட ஒரு படி மேலாகவே மதிக்கிறேன்.

இனி வாங்கும்போது கவனம் தேவை. புழங்கிய சாதாரண நோட்டில் ரப்பர் ஸ்டாம்பால் ‘ஸ்பெசிமன்’ என்று குத்தி விலையேற்றி விற்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மடிப்புத் தேய்ந்த இடத்துக்குள்ளும் சிவப்பு மை இறங்கியிருந்தால், நோட்டு கசங்கிய பிறகு குத்தியது. சுழிக்குப் பதில் சாதாரண எண் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையான ஸ்பெசிமனிலும் அபூர்வமாக அப்படி வருவதுண்டு, ஆனால் அதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சீன வங்கி ஊழியர்கள் எண்ணிப் பழகுவதற்கென்று அடிக்கும் பயிற்சித் தாள்களும் இணையத்தில் ‘ஸ்பெசிமன்’ என்ற பெயரில் வருகின்றன. அவற்றைச் சேர்ப்பது தவறில்லை. ஸ்பெசிமன் விலை கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கடையில் கிடைத்த பி.வி.சி. ஆல்பத்தில் போட்டுவைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது ஒரு நல்ல நோட்டு பிளாஸ்டிக்கோடு ஒட்டி, எண்ணெய் பட்ட தோசைக்காகிதம்போல் ஆகியிருந்தது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்து வாட்டும். சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம், இராமபாணப் பூச்சி வரும். இஸ்திரி போடவே கூடாது.

ஸ்காட்லாந்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சம் இங்கேயும் வையுங்கள். 1945இல் திருவிதாங்கூர் பேங்க் என்று தொடங்கி, 1960இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கூர் (எஸ்.பி.டி.) ஆன வங்கி, 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்கோடு இணைந்துவிட்டது. அது நோட்டு வெளியிட்டதில்லை. ஆனால் பாஸ்புக், செக் புக், டெபாசிட் ரசீது எல்லாம் நம் வீடுகளில்தான் கிடக்கின்றன, கழிவுக் காகிதத்தோடு போய்க்கொண்டும் இருக்கின்றன. அப்பாவுக்கு எஸ்.பி.டி.யில் கணக்கு இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் அந்தப் பாஸ்புக்கை வாங்கி, அபர்தீன் நோட்டுக்குப் பக்கத்து உறையில் வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்