ஐந்து ரவுண்டு முடிந்த பிறகு ஹெச்.ஆர். ஏன் வாயே திறப்பதில்லை?

கேள்வி: ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஆன்லைன் டெஸ்ட், வீடியோ, மூன்று டெக்னிக்கல் என ஐந்து ரவுண்டு முடித்து மூன்று வாரம் ஆகிறது. மெயில் போட்டாலும் பதில் இல்லை. அவ்வளவுதானா?

பதில்:

அப்படி முடிவுகட்ட வேண்டாம். ஐந்தாவது ரவுண்டு வரை போனவரை இரண்டாம் ஆளாக நிறுத்தி வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஊர் ஐ.டி.யில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம், பல இடங்களில் 90 நாள். முதல் ஆள் ஆஃபர் லெட்டரை வாங்கி, அதைக் காட்டியே வேறு இரண்டு இடத்தில் பேரம் பேசிவிட்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்காமல் போவது ஹெச்.ஆருக்குப் பழகிப்போன சங்கதி. அதனால் அடுத்த ஆளுக்கு 'இல்லை' என்று எழுத மாட்டார்கள். 'ஆம்' என்றும் எழுத முடியாது. மிச்சம் மௌனம்தான். இதைத் தவிர, அந்த இடத்துக்கான பட்ஜெட் ஒப்புதல் நின்றுபோயிருக்கலாம், கிளையண்ட் ப்ராஜெக்ட் தள்ளிப்போயிருக்கலாம், பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் கம்பெனிக்குள்ளேயே காத்திருந்த ஒருவரையே போட்டிருக்கலாம். இவற்றில் எதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தம் கிடையாது.

ரவுண்டுகளுக்கு இடையில் விழும் இடைவெளிக்குக் காரணம் வேறு. பேனலில் உட்காருபவர் தன் சொந்த வேலைக்கு நடுவே வருகிறார். ரெஸ்யூமேயைக் கடைசி நிமிடத்தில்தான் திறப்பார், முந்தைய ரவுண்டில் என்ன கேட்டார்கள் என்று பார்த்திருக்க மாட்டார். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' மூன்று முறை வருவது அதனால்தான். பேசி முடித்ததும் ஃபீட்பேக் படிவத்தை நிரப்ப மறந்துவிடுவார், அது வராமல் ஹெச்.ஆரால் அடுத்த ரவுண்டு போட முடியாது. இத்தனை ரவுண்டு தேவையா என்றால், தேவையில்லை. கூகுள் தன் பழைய நேர்காணல் மதிப்பெண்களை அலசியபோது, நான்கு நேர்காணலிலேயே 86 சதவீத உறுதியோடு முடிவெடுக்கலாம், அதற்குமேல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் கூட்டுகிறது என்று கண்டது. ஏழு ரவுண்டு வைக்கும் கம்பெனியில் முடிவெடுக்க யாருக்கும் துணிவில்லை என்பதே என் கணிப்பு.

அடுத்த முறை, முதல் போன் வரும்போதே கேட்டுவிடுங்கள்: மொத்தம் எத்தனை ரவுண்டு, இந்த இடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா, எந்தத் தேதிக்குள் ஆள் வேண்டும், சம்பள வரம்பு என்ன, நோட்டீஸ் 90 நாள் என்றால் ஒத்துக்கொள்வார்களா. கடைசி இரண்டையும் ஐந்தாவது ரவுண்டுக்குத் தள்ளுவதால்தான் பாதிப் பேர் உழைப்பு வீணாகிறது.

ஆன்லைன் டெஸ்டில் கணக்கை விட வரம்பை முதலில் படியுங்கள். உள்ளீடு 1,00,000 வரை என்றிருந்தால் லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைக்குள் இன்னொன்று) 1,000 கோடி முறை ஓடும், கண்ணுக்குத் தெரியும் மாதிரி டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சையாகி, மறைத்து வைத்த கேஸ்களில் நேரம் போதாமல் விழும். ஆனாலும் எளிய விடையை முதலில் சமர்ப்பித்துவிட்டுப் பிறகு மெருகேற்றுங்கள், கொஞ்சம் மார்க்காவது மிஞ்சலாம். வேறு டேப் திறந்தால் அது பல தளங்களில் பதிவாகும்.

எதிரில் ஆளே இல்லாமல் கேமராவிடம் பேசும் வீடியோ ரவுண்டுதான் பலருக்கு வெறுப்பு. கேள்வி திரையில் வரும், யோசிக்க அரை நிமிடம், பேச ஓரிரு நிமிடம். தலையாட்ட ஆள் இல்லாததால் நாம் நீட்டிக்கொண்டே போய், முக்கியமானதைச் சொல்லும்போது ரெக்கார்டிங் நின்றுவிடும். எனவே விளைவை முதல் வரியிலேயே சொல்லுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்பது பின்னால் வரட்டும்.

இப்போதைய உங்கள் நிலைக்கு: ஒரு மெயில், மூன்று வரி. எந்தப் பதவி, கடைசி ரவுண்டு எந்தத் தேதி, 'வேறு இடத்தில் பேச்சு நடக்கிறது, இந்த வெள்ளிக்குள் நிலை தெரிந்தால் உதவியாக இருக்கும்'. வேறு இடம் உண்மையில் இருந்தால் மட்டும் அந்த வரி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு போன், அதோடு விடுங்கள். இடையில் 'செலக்ட் ஆயிட்டீங்க' என்று வாய்மொழியாகச் சொன்னாலும், ஆஃபர் லெட்டரில் சம்பளமும் சேரும் தேதியும் பார்க்காமல் இப்போதைய வேலைக்குப் பேப்பர் போட்டுவிடாதீர்கள் (ராஜினாமா செய்துவிடாதீர்கள்).