முட்டித் தேய்மானமும் காலை நடையும் – கடிதம், பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரன். தபால்காரனாக 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வயது 68. சைக்கிளும் நடையுமாகவே என் காலம் போனது. ஓய்வுக்குப் பிறகும் தினமும் காலையில் நண்பர்கள் நாலு பேரோடு மைதானத்தில் ஒரு மணி நேரம் நடப்பேன். மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்கு மலைக்கோட்டை ஏறிவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் வலது முட்டியில் வலி வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜவ்வு தேய்ந்துவிட்டது, வயதாகிவிட்டது, இனி காலை அதிகம் வேலை வாங்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அப்புறமும் ஒரு வருடம் வலியோடு நடந்தேன். நண்பர்கள் முன்னால் போய்விடுவார்கள். பிறகு எனக்காக ஒரு வேப்பமரத்தடியில் நின்று காத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன். அலாரம் இன்றைக்கும் 5 மணிக்கு அடிக்கிறது. அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. 100 வயதில் மாரத்தான் ஓடிய பஞ்சாபித் தாத்தாவின் வீடியோவையும் அனுப்பினான். இதையெல்லாம் பார்த்தால் எனக்குச் சோர்வுதான் வருகிறது. ஆர்வத்தை எங்கிருந்து வரவழைப்பது? உங்கள் தோள் இறுகிப்போனதைப் பற்றி நீங்கள் முன்பு நாலு வரி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். மலைக்கோட்டைக்கு இனி நான் போகவே முடியாதா?

பெயர் வேண்டாம் அம்மா.

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் அந்த வேப்பமரத்தடியிலேயே நான் நின்றுவிட்டேன். நண்பர்கள் அங்கே காத்திருப்பார்கள் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே போவதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். ஒரு வருடம் வலியோடு நடந்த மனிதரை வலி நிறுத்தியிருக்காது. ஊருக்கெல்லாம் தபால் கொண்டுபோய்க் கொடுத்த கால், இப்போது நாலு பேரைக் காக்க வைக்கிறதே என்கிற வருத்தம்தான் நிறுத்தியிருக்கிறது. அந்த வருத்தத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கால் போன மாதிரி இருப்பது உங்களுக்கு ஒரு இழப்பு. அதை முதலில் இழப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவும் செய்யுங்கள். அந்த நண்பர்களிடமே சொன்னால் இன்னும் நல்லது.

என் தோளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 64 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டிருந்தது. எனக்கும் சுகர் உண்டு. சுகர் இருப்பவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கொண்டை போடக் கை எட்டவில்லை. தலைவாரிவிடச் சொல்லி மருமகளிடம் சீப்பைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்காரும்போது ஒவ்வொரு நாளும் கண் கலங்கும்.

பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்தது மிக எளிமையான பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரல்களால் எறும்பு மாதிரி மேலே மேலே ஏறிப்போக வேண்டும். எட்டாத இடம் வந்ததும் கொஞ்சம் நின்று இறங்க வேண்டும். முதல் நாள் என் விரல் சமையலறை சுவிட்ச் போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டது. அந்த இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டேன். அதே சுவரில், அதற்கு மேலே, தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். உடல் ஆரோக்கியம், நீண்ட ஆயுள் என்றெல்லாம் எதையும் நினைக்கவில்லை. ஒரு தாள்.

பால் காய வைத்துவிட்டு, அது பொங்கும் வரை செய்வேன். பால் பொங்குவதற்கு என் மனநிலை தேவையில்லை, அது தினமும் பொங்கும். ஆர்வம் இருந்த நாளும் செய்தேன், இல்லாத நாளும் செய்தேன். இல்லாத நாட்கள்தான் அதிகம். கோடுகள் சில வாரம் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தன. ஒரு வாரம் கீழேகூட இறங்கியது. பதினோராவது மாதத்தில் தாளைக் கிழித்தேன். இன்றைக்கும் இடது கை முதுகுப்பக்கம் முழுசாகப் போகாது. கொண்டை நானே போட்டுக்கொள்கிறேன்.

ஆர்வத்தை எங்கிருந்து வரவழைப்பது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான் ஐயா. ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு பயிற்சியைக் கட்டிப்போட வேண்டும். முதலில் அது மிகச் சின்னதாக இருக்க வேண்டும், உங்கள் வருத்தத்தால் தடுக்க முடியாத அளவுக்குச் சின்னதாக.

சரி, இப்போது உங்கள் முட்டிக்கு வருவோம். காலை வேலை வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு இன்று உலகம் முழுக்க முதலில் சொல்லும் மருந்துகளில் ஒன்றே உடற்பயிற்சிதான். நாம் ஜவ்வு என்று சொல்லும் அந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய்வரும். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. நடையை விட்ட இரண்டு வருடத்தில் அந்தத் தசை உங்களுக்கு மெலிந்திருக்கும். தொடையில் கை வைத்து இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வலது தொடை கொஞ்சம் தளர்வாகத் தெரியலாம். தசை மெலிந்தால் பாரம் மூட்டின்மேல் விழும், வலி கூடும், வலி கூடினால் இன்னும் குறைவாக நடப்போம். நீங்கள் இப்போது சிக்கியிருப்பது இந்தச் சுழலில்தான்.

68 வயதில் தசை திரும்ப வருமா என்று உங்களுக்குத் தோன்றும். அமெரிக்காவில் போஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஒரு ஆய்வு 1990-இல் வெளியானது. தள்ளாத நிலையில் இருந்த பத்துப் பேர், வயது 86-இலிருந்து 96 வரை. அவர்களுக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்குப் பாரம் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் விலகிவிட்டார். மற்ற ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கைத்தடியோடு நடந்த இரண்டு பேர் அது இல்லாமலே நடந்தார்கள். நான் முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறிலும் தசை, கேட்டதைக் கொடுக்கிறது. நீங்கள் அவர்களில் ஆக இளையவரைவிடவே பதினெட்டு வயது இளையவர்.

அதனால் மைதானத்தை இப்போதைக்கு விடுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, சுவரோடு சேர்த்துப் போட்டது, நகரக் கூடாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நின்று உட்கார வேண்டும். முட்டி கத்தினால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள், பிரஷர் இருக்கிறவர் நீங்கள். காலை டிபனுக்கு ஐந்து தடவை, மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து தடவை, ராத்திரி ஐந்து. தட்டு வைப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து, அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் பலம் குறைவு, விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏழு வந்தாலும் எட்டு வந்தாலும் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இந்த எண்ணைப் பார்ப்பது உங்களுக்கு உபயோகம்.

இன்னொன்று, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்துக் காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை துண்டை அழுத்துவது. அந்த 5 மணி அலாரத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தபின் எழுந்திருக்க வேண்டாம், படுக்கையிலேயே பத்துத் தடவை அழுத்திவிட்டுத் தூங்குங்கள். மூச்சை இதிலும் அடக்காதீர்கள்.

வலி வந்தால் என்ன செய்வது? பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பயப்பட வேண்டிய வலி கிடையாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வீங்கினாலோ, மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சை அடைத்தால், தலை சுற்றினால் மட்டும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முட்டியைக் காட்டிவிட்டுத் தொடங்கினால் எனக்கு நிம்மதி. அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகன்மேல் கோபப்படாதீர்கள். அக்கறையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த 10,000 எந்த மருத்துவரும் கண்டுபிடித்த எண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு கம்பெனி அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயருக்குப் பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். அந்த எண் அப்படியே உலகம் சுற்றிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 உள்ள பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைத்த மாதிரி தெரியவில்லை. கடிகாரத்தில் இலக்கை மாற்றிவைக்க வழி இருக்கும். மகனிடம் 3,000-க்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டபின் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளோ தெருவிலோ நடந்தால் கணிசமாகச் சேர்ந்துவிடும். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் சுகருக்கும் அந்தப் பத்து நிமிடம் நல்லது.

அந்தப் பஞ்சாபித் தாத்தா ஃபௌஜா சிங். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான், 100 வயதில் 2011-இல் டொராண்டோவில் ஒன்று. வீடியோவில் இதைத்தான் காட்டுவார்கள். 2013-இல் ஹாங்காங்கில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டிகளிலிருந்து அவர் விலகிக்கொண்டதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அதற்குப் பிறகும் நடந்தார். 2025 ஜூலையில் தன் ஊருக்குப் பக்கத்தில் சாலை விபத்தில் இறக்கும்வரை நடையை விடவில்லை. ஓட முடிந்தவரை ஓடினார், முடியாதபோது அதைவிடச் சின்னதை எடுத்துக்கொண்டார். அவரிடம் நான் எடுத்துக்கொள்வது அந்தப் பின்பாதியை.

நண்பர்கள் விஷயத்தில் ஒரு யோசனை. அவர்களோடு நடக்க வேண்டாம். அவர்கள் நடையை முடித்துவிட்டு எங்கே டீ குடிப்பார்களோ, அங்கே நேராகப் போய்விடுங்கள். உங்கள் வேகத்தில், உங்கள் நேரத்தில் கிளம்பிப் போங்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். ஒரு நாளாவது அவர்களுக்காக நீங்கள் காத்திருந்து பாருங்கள் ஐயா.

மலைக்கோட்டையைக் கடைசிக்கு வைத்தேன், எனக்கும் அது பிடித்த இடம் என்பதால். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். செயற்கை மூட்டுக்குள் அளவுக்கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்: சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. அதனால் ஏறுவதைவிட இறங்குவதை நினைத்துத்தான் தயாராக வேண்டும். அடுத்த சதுர்த்திக்கு அடிவாரத்து மாணிக்க விநாயகரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நாற்காலிக் கணக்கு 12-ஐத் தாண்டிய மாதம் ஒரு இருபது படி ஏறி இறங்குங்கள். முட்டி மறுநாள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒத்துவந்தால் மாதத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம். தாயுமானவர் சன்னதி வரைக்கும் ஒரு வருடம் ஆனாலும் சரி. உச்சி வரைக்கும் போக முடியுமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. சுவிட்ச் போர்டிலிருந்து காலண்டர் வரைக்குமே எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலது காலை முதலில் கீழே வைத்து, இடது காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேருங்கள். கையைக் கம்பியிலிருந்து எடுக்காதீர்கள்.

அன்புடன்.