பாலைவனத்தின் நடுவில் இருக்கும் லாஸ் வேகாஸ் எப்படிச் சூதாட்ட நகரமானது? அங்கே அப்படி என்ன ஈர்ப்பு?

பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்பானிய மொழியில் 'லாஸ் வேகாஸ்' என்றால் புல்வெளிகள். அங்கே ஊற்றுகள் இருந்ததால் வந்த பெயர். 1905-இல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோதுதான் ஊர் உருவானது.

திருப்புமுனை 1931. பொருளாதார மந்தத்தில் தவித்த நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. கையில் கூலிப் பணத்தோடு ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், வேறென்ன வேண்டும்? 1946-இல் பக்ஸி சீகல் என்ற தாதா ஃபிளமிங்கோ ஹோட்டலைத் திறந்தார். அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். மாஃபியா பணம் அப்புறமும் பல வருடம் புழங்கியது. 1950-களில் பக்கத்துப் பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் காளான் மேகத்தைப் பார்க்கவும் கூட்டம் வந்தது தனிக் கூத்து.

சரி, ஈர்ப்பு எதில்? என்னைக் கேட்டால், நேரத்தை மறக்கடிக்கும் ஏற்பாட்டில். பல சூதாட்டக் கூடங்களில் கடிகாரமோ ஜன்னலோ கண்ணில் படாது. கணக்கு மட்டும் மாறாது: எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட்டில், இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்க வகையில் 100 டாலர் வைத்தால், சராசரியாக 5.26 டாலர் கூடத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று: பிரம்மாண்ட ஹோட்டல்கள் நிற்கும் 'ஸ்ட்ரிப்' சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை!