வால்வு ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் மங்கலாக இருந்தால், வால்வை மாற்றினால் சரியாகுமா?

வால்யூம் கன்ட்ரோலை அடுத்து 12ஏஎக்ஸ்7 வகை வால்வு போட்ட ப்ரீஆம்ப், ட்ரெபிள் மந்தம், டெலிஃபுங்கன் பிராண்டின் பழைய வால்வை வாங்கிப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவு செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை. ஜால்ரா தெளிவாக விழும் ஒரு நாகஸ்வரப் பதிவை கம்ப்யூட்டரில் ஓட விடுங்கள். கம்ப்யூட்டர் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, ப்ரீஆம்ப் குமிழை முழுக்கத் திருப்பிக் கேளுங்கள். அப்புறம் குமிழை முக்கால் திருப்புக்கு இறக்கி, கம்ப்யூட்டரில் சத்தத்தை ஏற்றி, அதே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் கேளுங்கள். முழுத் திருப்பில் தெறித்த ஜால்ரா முக்காலில் மழுங்கினால், டெலிஃபுங்கன் போட்டாலும் அது மழுங்கத்தான் செய்யும்.

காரணம் மில்லர் விளைவு. 12ஏஎக்ஸ்7-இன் கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) ஆனோடுக்கும் (பெருகி வெளிவரும் முனை) நடுவே வெறும் 1.7 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ்தான். ஆனால் அந்த வால்வு நிலை சிக்னலை 60 மடங்கு பெருக்கினால், உள்ளே வரும் சிக்னலுக்கு அது ஏறக்குறைய 60 மடங்காகத் தெரியும். வயரிங்கையும் சேர்த்தால் 100 முதல் 150 பிகோஃபாரட். வால்யூம் பாட் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) 500 கிலோ ஓம் என்றால், சிக்னல் பாதியாகும் இடத்தில் (லாக் பாட்டில் அது ஏறக்குறைய முக்கால் திருப்பு) அதன் இம்பிடன்ஸ் 125 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்து ட்ரெபிளை வடிகட்டும்; 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். அதுவே 100 கிலோ ஓம் பாட் என்றால் 25 கிலோ ஓம்தான். அந்தச் சரிவு 40 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும், காதுக்கு எட்டாது.

என் ப்ரீஆம்பிலும் இதே கதைதான். 500-ஐக் கழற்றி 100 போட்டதோடு முடிந்தது. ஒரு வால்யூம் பாட், கொஞ்சம் ஈயம், அவ்வளவுதான் செலவு. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் கருவி) போன்றவை 100 கிலோ ஓமைச் சிரமமில்லாமல் ஓட்டும். முன்னால் இன்னொரு வால்வுக் கருவி இருந்தால் மட்டும் அதன் அவுட்புட் கெபாசிட்டரைப் பாருங்கள். அது சின்னதாக இருந்தால் பேஸ் குறையும்.

வால்வை மாற்றியும் இதைச் சரிசெய்யலாம், ஆனால் பிராண்டை அல்ல, வகையை. பெருக்கம் குறைந்த 12ஏடி7 அல்லது 12ஏயு7 அதே சாக்கெட்டில் உட்காரும். பின் அமைப்பும் ஹீட்டரும் ஒன்றுதான். மில்லர் கெபாசிட்டன்ஸ் இறங்கும், ட்ரெபிள் ஏறும். ஆனால் 12ஏயு7 போட்டால் சத்தம் 12 டெசிபல் அளவுக்கு விழும். 12ஏஎக்ஸ்7-க்குப் போட்ட ரெசிஸ்டர்கள் மற்ற இரண்டுக்கும் அவ்வளவாகப் பொருந்தா. ஃபோனோ நிலையில் (இசைத்தட்டு சிக்னலைப் பெருக்கும் பகுதி) இந்த வேலையே வேண்டாம், இசைத்தட்டுக்கான ஆர்ஐஏஏ பேஸ்-ட்ரெபிள் திருத்தம் கெட்டுவிடும். வால்யூம் பாட்டுக்கு அடுத்த நிலை ஃபீட்பேக்குக்குள் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடும் சுற்று) இருந்தால் மில்லரின் பங்கு ஏற்கெனவே குறைவு, வேறு இடத்தில் தேட வேண்டும்.

சரி, டெலிஃபுங்கன் புகழெல்லாம் பொய்யா? பொய் இல்லை. நல்ல வால்வு, இரைச்சல் குறைவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒரே வகைக்குள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும் கெபாசிட்டன்ஸ் அற்பம். "ட்ரெபிள் திறந்துவிட்டது" என்று சொல்பவர்களில் பலர் கேட்பது கொஞ்சம் கூடுதலான பெருக்கத்தைத்தான்; 1 டெசிபல் உரக்கக் கேட்டாலே எல்லாம் தெளிவாகத் தோன்றும். ஒப்பிடுவதென்றால் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டைச் சமன்செய்துவிட்டுக் கேளுங்கள். பென்சிலால் வால்வை லேசாகத் தட்டியும் பாருங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று மணியடித்தால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் போல சத்தமாக்கும் வால்வு. அந்த ரீங்காரத்தைத்தான் சிலர் 'காற்றோட்டமான ட்ரெபிள்' என்று வர்ணிக்கிறார்கள்!

எல்லாம் தெரிந்தும் ஆசைக்கு ஒன்று வாங்குவதென்றால், வால்வின் மேல் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். அச்சு அழியும், புதிதாகவும் அடிக்கலாம். அடிப்பக்கம் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வார்த்த வைரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா மாற்றிப் பார்க்க பழைய பெங்களூரு பெல் ஈசிசி83 போதும், அதுவும் இதே 12ஏஎக்ஸ்7தான்.

ஈசிசி88 என்ற வேறு வகை வால்வை மட்டும் இந்த சாக்கெட்டில் செருகிப் பார்க்காதீர்கள். 9 பின்தான், அழகாக உட்காரும். ஆனால் ஹீட்டர் இணைப்பே வேறு, ஆனோடும் 130 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வால்யூம் பாட் மாற்றத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெபாசிட்டரில் மீட்டர் வைத்து, வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகு உள்ளே கை வையுங்கள்.