அமில நீரில் கூழாகும் கைட்டோசான் மணிகள்

சாயத்தை உறிஞ்சி நீக்க, இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியில் நீங்கள் செய்த மணிகள், பிஎச் 3 அளவுக்கு அமிலத்தன்மை உள்ள சாயக் கழிவுநீரில் போட்டதும் கூழாகிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். தயாரிப்பில் கோளாறில்லை, மனம் தளராதீர்கள். அமிலத்தில் கைட்டோசானின் அமீன் தொகுதிகள் (நைட்ரஜன் கொண்ட பகுதிகள்) நேர்மின்னேற்றம் பெறுகின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட ரியாக்டிவ் சாயத்தை (பருத்தித் துணிக்கு இடும் சாயம்) இழுப்பதும் அந்த மின்னேற்றம்தான், மணியைக் கரைப்பதும் அதுதான். ஆகவே கைட்டோசான் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு கட்டாயம். அதற்குக் குளூட்டரால்டிஹைடு போதும், ஆனால் அது சாயத்தை இழுக்க வேண்டிய அமீன்களையே பிடித்துக்கொள்ளும் என்பதால் குறைவாகச் சேர்த்து, மணிகளை நன்றாகக் கழுவுங்கள். நச்சுப்பொருள், கையுறை அவசியம். இதே வேலைக்குப் பயன்படும் எபிகுளோரோஹைட்ரினைக் கல்லூரி ஆய்வகத்தில் தொடவே வேண்டாம். புற்றுநோய் அபாயம் உண்டு.

இன்னொன்று: சாயப்பட்டறை நீரில் உப்பு மிகுதி. சல்பேட் அயனிகள் சாயத்தோடு போட்டியிடும். காய்ச்சி வடித்த நீரில் மணிகள் உறிஞ்சிய சாய அளவை மட்டும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். உப்பு கலந்தும் சோதியுங்கள்.