21 நாள்

அன்புள்ள அண்ணா,

நாடாளுமன்றம் திருத்தி அழிக்க முடியாத 'அடிப்படைக் கட்டமைப்பு' ஒன்று உண்டு என்று அரசியல் சாசனத்தில் எங்குமே எழுதப்படவில்லை. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னது அது. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்கு அவர்கள் எப்படி எல்லை போடலாம்? வகுப்பில் தினமும் இதே சண்டை. ஊரில் எங்கள் தோட்டத்துக்கு எரிவாயுக் குழாய் நோட்டீஸ் வந்திருக்கிறது. சொத்துதான் அடிப்படை உரிமை இல்லையே, எதிர்த்துப் பயனில்லை என்று அப்பாருவிடம் (தாத்தாவிடம்) சொல்லிவிட்டேன்.

சட்ட மாணவர், பெருந்துறை

அன்புள்ள தம்பி,

சாசனத்தின் 368-ஆவது பிரிவு தருவது திருத்தும் அதிகாரம். அதை வைத்துச் சாசனத்தையே அழிக்க முடியாது. தன் எல்லையைத் தானே அளந்துகொள்ளும் உரிமையை எந்த அரசுக்கும் தரக்கூடாது. முதல் கேள்விக்கு இது போதும்.

அப்பாருவிடம் நீ சொன்னது தப்பு. இன்றைக்கே போய் மாற்றிச் சொல்.

1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தபோதே 300ஏ பிரிவைச் சேர்த்தது: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. முன்னறிவிப்பு, ஆட்சேபணையைக் கேட்டல், காரணம் சொல்லும் உத்தரவு, நியாயமான இழப்பீடு உட்பட 7 உரிமைகள் அந்த ஒரு வரிக்குள் இருப்பதாக 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் கெயில் (மத்திய அரசின் எரிவாயு நிறுவனம்) குழாயை எதிர்த்தபோது மாநில அரசே நம் பக்கம் நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. குழாய் மத்தியச் சட்டத்தின்படி போடப்படுவது. ஆகவே சண்டையை அந்த 1962-ஆம் வருடப் பெட்ரோலிய, கனிமக் குழாய்ச் சட்டத்துக்குள் போய்த்தான் போட வேண்டும்.

அதன் 5-ஆவது பிரிவு ஆட்சேபணைக்கு 21 நாள் தருகிறது. நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நீ அரசிதழில் அறிவிக்கை வந்த தேதியிலிருந்து எண்ணு. முதலமைச்சருக்கும் கலெக்டருக்கும் ஊரே கையெழுத்துப் போட்டு அனுப்பும் மனு இந்தக் கணக்கில் சேராது. அறிவிக்கையில் குறிப்பிட்ட அதிகாரிக்கே, உங்கள் சர்வே எண்ணைப் போட்டு, தனியாக எழுத வேண்டும். சிட்டா, அடங்கல், புல வரைபடம் இணை. கிணறு, போர்வெல், தென்னை எத்தனை என்று எழுதிப் போட்டோ வை. 7-ஆவது பிரிவின்படி, அந்த அரசிதழ் அறிவிக்கைக்கு (3-ஆவது பிரிவு) முன்பே வீடோ நிரந்தரக் கட்டடமோ இருந்த இடத்தில் குழாய் பதிக்கக் கூடாது. மேல்மண்ணிலிருந்து 1 மீட்டர் ஆழமாவது வேண்டும். சாளை (தோட்டத்து வீடு) குழாய்ப் பாதையில் வந்தால் முதல் வரியிலேயே அதை எழுது. "குழாய் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எந்த சர்வே எண்கள் வழியாகத் திருப்பலாம் என்று காட்டினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நேரில் விசாரிக்கும்படி கேள், வக்கீலையும் கூட்டிப்போகலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வை. அதிகாரி போடும் உத்தரவே இறுதி என்று சட்டம் சொன்னாலும், காரணம் சொல்லாமல் தள்ளினால் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்.

குழாய் வந்துவிட்டால் அந்தப் பாதையில் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ 9-ஆவது பிரிவு விடாது. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்தான்; பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதம் தனி. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் இங்கே தலையில் விழுகிறது. அக்கம்பக்கத்தில் சரியான விலை போட்ட கிரயப் பத்திரம் இருந்தால் இப்போதே நகல் எடுத்து வை. அவர்கள் சொல்லும் தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகும்போது அதுதான் சாட்சி.