கரண்ட் வைக்கும்போது வைட்டமின் ஈ மாத்திரை கொடுக்கலாமா?

வணக்கம் சார், அப்பாவுக்கு வாய்ல கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சுது, அடுத்த மாசம் கரண்ட் வைக்கப்போறாங்க. நல்ல செல்லுக்கு ரேடியேஷன் பாதிப்பு வராம காப்பாத்தும்னு சித்தப்பா வைட்டமின் ஈ மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கார். கொடுக்கலாமா? நிஜமாவே அப்படி ஒரு மருந்து இருக்கா?
வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்காதீங்கம்மா. டப்பாவ அப்படியே கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க. சித்தப்பா பாசத்துலதான் வாங்கியிருப்பார், ஆனா இது சும்மா சாப்பிட்டு வைக்கிற விஷயமில்ல.

நீங்க கேட்ட மாதிரி ஒரு மருந்து இருக்கு, ஆனா அது வைட்டமின் ஈ இல்ல. கரண்ட் வைக்கும்போது எக்ஸ்ரே உள்ள போனதும் செல்லுல இருக்குற தண்ணிய உடைச்சு ஹைட்ராக்சில்னு ஒரு ராடிக்கல (பக்கத்துல இருக்குறதயெல்லாம் தாக்குற துடிப்பான துணுக்கு) உண்டாக்குது, டிஎன்ஏவுக்கு வர்ற சேதத்துல பெரும்பங்கு அதாலதான், அதோட ஆயுசு நொடியில கோடியில ஒரு பங்குகூட கிடையாது, அதனால காப்பாத்துற மருந்து கதிர் படறதுக்கு முன்னாடியே செல்லுக்குள்ள இருந்தாகணும். 1949ல அமெரிக்காவுல ஹார்வி பேட் குழு சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்த கதிர் படறதுக்கு முன்னாடியே கொடுத்து எலிங்கள காப்பாத்திக் காட்டுனாங்க. அப்புறம் அணுகுண்டு பயத்துல அமெரிக்க ராணுவத்தோட வால்டர் ரீட் ஆய்வு நிறுவனம் 4,000க்கும் மேல காம்பவுண்ட் டெஸ்ட் பண்ணி, அதுல தேறுனதுதான் அமிஃபோஸ்டின். அப்பா மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்ட் வைக்கிறவங்களுக்கு வாய் வறட்சி குறையணும்னு 1999ல அங்க மருந்துகளுக்கு அனுமதி கொடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு அனுமதி கொடுத்துச்சு.

இந்த மருந்து உள்ள போகும்போது வேலை செய்யாது, ஆல்கலைன் பாஸ்படேஸ்ங்கிற என்சைம் அதுல இருக்குற பாஸ்பேட்ட வெட்டி எடுத்தாதான் முழிச்சுக்கும், அந்த என்சைம் நல்ல திசுவுல நிறைய, கட்டியில கம்மி. அதனால காவல் பெரும்பாலும் நல்ல செல்லுக்குத்தான் போகுது. வைட்டமின் ஈக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது, கேன்சர் செல்லையும் சேர்த்துக் காப்பாத்திடலாம். கனடாவுல கியூபெக்ல தலை, கழுத்து கேன்சர் உள்ள 540 பேர வச்சு சோதிச்சு 2005லயும் 2006லயும் ரிசல்ட் போட்டாங்க, வைட்டமின் ஈ எடுத்த குரூப்புல சாவு அதிகம். இத படிச்சப்புறமும் மெடிக்கல்ல கேக்காம கொள்ளாம வாங்கிக் கொடுக்குறாங்களேன்னு எனக்கு வயிறு எரியுது.

அமிஃபோஸ்டினும் லேசான மருந்து இல்ல, வாந்தி வரும், பிபி சட்டுனு இறங்கும், படுக்க வச்சு பிபி பாத்துக்கிட்டே ஊசியில ஏத்தணும். இப்ப ஐஎம்ஆர்டினு, கதிரோட அளவ இடத்துக்கு இடம் மாத்தி வைக்கிற முறையில எச்சில் சுரப்பிய ஒதுக்கியே கதிர் வைக்க முடியுறதால இதோட தேவையும் குறைஞ்சுடுச்சு. அப்பாவுக்கு ஐஎம்ஆர்டி முடியுமான்னு கேளுங்க. கரண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பல் டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, பல்லு எடுக்க வேண்டியிருந்தா இப்பவே எடுத்துடணும், அப்புறம் எடுத்தா தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு.